மூன்று பாடங்கள் சந்திக்கும் இடம்: தமனிச் சுவர்

பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்டம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் பாடங்கள். சுற்றோட்டத்தில் ஸ்பிக்மோமானோமீட்டரையும் 120/80 என்ற அளவையும் சொல்கிறோம். நரம்பு மண்டலத்தில் சினாப்ஸ் படத்தை வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். ஹார்மோன் பாடத்தில் சுரப்பிகளையும் அவற்றின் பணிகளையும் அட்டவணையாக எழுதிப் போடுகிறோம். தேர்விலும் வினாக்கள் தனித்தனியாகவே வருகின்றன. மாணவர் மனத்தில் இவை மூன்று தனி அறைகளாகத் தங்கிவிடுகின்றன. நரம்பு வேகமாகச் செய்தி அனுப்பும், ஹார்மோன் மெதுவாக அனுப்பும், இரத்தக்குழாய் என்பது இரத்தம் போகும் ஒரு குழாய். அவ்வளவுதான்.

உடலுக்குள் இந்தத் தடுப்புச் சுவர்கள் கிடையாது. ஒரு நுண்தமனியின் சுவரில் நரம்பின் முனையும், இரத்தத்தில் மிதந்து வரும் ஹார்மோனும், சுவரிலுள்ள தசையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அங்கே வரும் ஹார்மோன் தசையைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. பக்கத்திலிருக்கும் நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியையும் உரக்கச் சொல்லவைக்கிறது. உயர் இரத்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து பெரிதும் உதவும். மூன்று பாடங்களையும் இணைக்க ஒரு பாடவேளை கிடைத்தால் இதை வகுப்பில் எப்படி நடத்தலாம் என்பதைச் சக ஆசிரியர்களுடன் பகிர்வதே இக்கட்டுரை. பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நடத்துவோருக்கும் இது பயன்படும்.

ஏன் இந்தப் பாடம்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் செல்லும் வழியில் இருப்பது சேரப்பணஞ்சேரி. இப்பகுதி மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒருவராவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குச் செல்பவர். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் அப்பா, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் கிளம்பும் அக்கா ஆகியோர் இங்கே எல்லோருக்கும் பழக்கப்பட்ட காட்சி. இரத்த அழுத்தம் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு குரல் எழும்: "எங்க பாட்டிக்கு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க டீச்சர். தலைவலி போயிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க." இந்த வாக்கியத்தைக் கேட்காத அறிவியல் ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருப்பதாக 2020-இல் நடந்த மாநில அளவிலான ஆய்வு காட்டியது. அவர்களுள் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதன் பிறகே, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது. அதை விடாமல் சாப்பிட வேண்டும் என்ற புரிதலும் வீட்டுக்குள் போக வேண்டும். அதைக் கொண்டுசெல்லக்கூடியவர் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்.

முதலில் ஒரு கணக்கு

குழாயில் ஓடும் நீர்மத்துக்கு ஏற்படும் தடை குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். இது பாய்சுவெல் விதி. ஆரம் பாதியானால் தடை இருமடங்கு ஆகும் என்றே பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். உண்மையில் 2×2×2×2, அதாவது 16 மடங்கு ஆகும். ஆரம் வெறும் பத்து சதவீதம் குறைந்தாலே தடை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். 0.9-ஐ நான்கு முறை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 0.66 வரும். அதன் தலைகீழி ஏறத்தாழ 1.5.

நுண்தமனிகளின் சுவரில் மென்தசை வளையமாகச் சுற்றியிருக்கிறது. அந்தத் தசை சிறிதே சுருங்கினாலும் உடல் முழுவதும் தடை கூடி, இதயம் அதிக அழுத்தத்தில் இரத்தத்தைத் தள்ள வேண்டிவருகிறது. ஆகவே, 'அழுத்தம் ஏன் கூடியது?' என்ற கேள்வியின் பெரும்பகுதி, 'அந்தத் தசையைச் சுருங்கச் சொன்னது யார்?' என்ற கேள்விதான்.

நரம்பு முனை ஒரு பூச்சரம்

சுருங்கச் சொல்லும் முதல் குரல் பரிவு நரம்புகளுடையது. பாடநூலில் நாம் காட்டும் சினாப்ஸ் படத்தில் நரம்பு ஒரு குமிழில் முடியும். எதிரே இன்னொரு செல் இருக்கும். இரத்தக்குழாயைச் சுற்றியுள்ள பரிவு நரம்பின் அமைப்பு சற்று வேறானது. மெல்லிய நூலில் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நரம்பிழை நெடுகிலும் சிறுசிறு புடைப்புகள் இருக்கும். அந்தச் சரம் குழாயின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. ஒவ்வொரு புடைப்பிலும் நுண்பைகளும், அவற்றுக்குள் நார்-அட்ரினலின் என்னும் நரம்பியக்கடத்தியும் இருக்கின்றன. பரிவு நரம்பின் கடத்தி நார்-அட்ரினலின்தான் என்பதை 1946-இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர் உல்ஃப் வான் ஆய்லர் நிறுவினார். நரம்பியக்கடத்திகள் பற்றிய ஆய்வுக்காக 1970-இல் பெர்னார்ட் கட்ஸ், ஜூலியஸ் ஆக்சல்ராட் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மின்தூண்டல் சரத்தின் வழியே ஓடும்போது கால்சியம் அயனிகள் புடைப்புக்குள் நுழைகின்றன. சில நுண்பைகள் திறக்கின்றன. வெளிவரும் நார்-அட்ரினலின் தசைச் செல்லின் ஏற்பிகளில் பொருந்துகிறது, தசை சுருங்குகிறது. இங்கே ஒரு முக்கியச் செய்தியை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தூண்டலுக்கு எவ்வளவு நார்-அட்ரினலின் வெளிவரும் என்பது நிலையானதல்ல. புடைப்பின் மேற்பரப்பிலேயே ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் எது வந்து பொருந்துகிறது என்பதைப் பொறுத்து அந்த அளவு கூடவோ குறையவோ செய்யும். வெளிவந்த நார்-அட்ரினலினே தான் வந்த புடைப்பின் ஏற்பியில் பொருந்தி, 'போதும்' என்று சொல்லித் தன் வெளியேற்றத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இந்த ஏற்பிகளின் வழியாகத்தான் பெப்டைடு ஹார்மோன் நரம்புக்குள் தன் கையை வைக்கிறது.

எட்டு மணிகள் கோத்த ஹார்மோன்

அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்தால் பெப்டைடு. நீளமான சங்கிலி மடிந்து உருப்பெற்றால் புரதம். பெப்டைடு ஹார்மோன்கள் நீரில் கரைபவை. செல்சவ்வின் கொழுப்பு அடுக்கைத் தாண்டி உள்ளே செல்ல முடியாதவை. அதனால் செல்லின் வெளிப்பரப்பிலுள்ள ஏற்பியைத் தொட்டு, உள்ளே செய்தியை அனுப்புகின்றன. கதவைத் தட்டிச் செய்தி சொல்லிவிட்டுப் போகும் தபால்காரரைப் போல. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் வீட்டுக்குள் வந்து பேசும் உறவினர்கள்.

நம் கதையின் முதன்மைப் பாத்திரம் ஆஞ்சியோடென்சின் II. எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. அது உருவாகும் வழியைக் கரும்பலகையில் நான்கு படிகளில் எழுதலாம்:

1. கல்லீரல், ஆஞ்சியோடென்சினோஜன் என்ற பெரிய புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. இது செயலற்றது.
2. அழுத்தம் குறைந்தாலோ, உப்புச் சத்து குறைந்தாலோ, பரிவு நரம்பு தூண்டினாலோ சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது.
3. ரெனின் அந்தப் புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை வெட்டுகிறது. அது ஆஞ்சியோடென்சின் I.
4. இரத்தக்குழாய்களின் உட்படலத்தில், குறிப்பாக நுரையீரலில் மிகுதியாக உள்ள ஏ.சி.இ. என்னும் நொதி இன்னும் இரண்டை வெட்டி எடுக்கிறது. எட்டு மிஞ்சுகிறது. அது ஆஞ்சியோடென்சின் II.

ஒரே ஹார்மோனை உருவாக்கக் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் மூன்றும் கைகொடுக்கின்றன. 'இந்த ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பி எது?' என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. அட்டவணையில் அடங்காத இத்தகைய எடுத்துக்காட்டு ஒன்றாவது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதன் வரலாறும் வகுப்பில் சொல்லத்தக்கது. 1898-இல் சுவீடனில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறொரு முயலின் இரத்தத்தில் செலுத்தியபோது அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றுப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். நெடுங்காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அமெரிக்காவின் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியை ஒரு கவ்வியால் சற்றே நெருக்கி, நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் ரெனின் உண்டாக்கும் பெப்டைடை அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனெண்டஸ் குழுவும் அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு 'ஹைப்பர்டென்சின்' என்றது. மற்றது 'ஆஞ்சியோடோனின்' என்றது. 1958-இல் இரண்டு பெயர்களையும் பாதிபாதியாகச் சேர்த்து 'ஆஞ்சியோடென்சின்' என வைக்க இரு தரப்பும் உடன்பட்டன.

ஹார்மோன் நரம்பை உரக்கப் பேசவைப்பது எப்படி?

ஆஞ்சியோடென்சின் தசைச் செல்லின் ஏற்பியில் பொருந்தி அதை நேரடியாகச் சுருக்கும். இது அனைவரும் அறிந்தது. நரம்பின் மீது அது செய்வதை இரண்டு சோதனைகள் தெளிவாக்கின.

முதலாவது, 1961-இல் பிக்கர்டன், பக்லி ஆகியோர் நாய்களில் செய்தது. ஒரு நாயின் தலைக்குச் செல்லும் இரத்தம் முழுவதும் வேறொரு நாயிடமிருந்து வருமாறு அமைத்தார்கள். அந்தத் தலைக்கும் அதன் சொந்த உடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பு மட்டுமே இருந்தது. இரத்தத் தொடர்பு இல்லை. தலைக்குச் செல்லும் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சினைச் செலுத்தினார்கள். ஹார்மோன் போய்ச் சேர வழியே இல்லாத உடலில் இரத்த அழுத்தம் ஏறியது. அப்படியானால் செய்தி நரம்பின் வழியேதான் சென்றிருக்க வேண்டும். இன்று அதன் விளக்கம் தெரியும். மூளையின் சில சிறு பகுதிகளில் இரத்த-மூளைத் தடுப்பு தளர்வாக இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் அங்கே உள்ள ஏற்பிகளைத் தொட்டு, பரிவு நரம்புகளில் செல்லும் தூண்டல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தாகத்தையும் உண்டாக்குகிறது.

இரண்டாவது வகைச் சோதனைகள் 1960-களில் இரத்தக்குழாயின் அருகிலேயே நடந்தன. பரிவு நரம்பை ஒரே அளவு மின்சாரத்தால் தூண்டினார்கள். ஆஞ்சியோடென்சின் இருந்தபோது குழாய் அதிகமாகச் சுருங்கியது. தானாகத் தசையைச் சுருக்கப் போதாத சிறிய அளவிலும் இந்த விளைவு தெரிந்தது. காரணம், நரம்புப் புடைப்பின் மேலேயே ஆஞ்சியோடென்சின் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் அவற்றில் பொருந்தும்போது, ஒவ்வொரு தூண்டலுக்கும் வெளிவரும் நார்-அட்ரினலின் அளவு கூடுகிறது.

சுருக்கமாக: மூளையில் அது தூண்டல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, நரம்பு முனையில் ஒவ்வொரு தூண்டலின் கனத்தையும் கூட்டுகிறது, தசையில் நேரடியாகவும் சுருக்குகிறது. ஒலிபெருக்கியில் பேசுபவர் அடிக்கடி பேசுகிறார், ஒலியளவும் ஏற்றப்பட்டிருக்கிறது.

சுழல் உருவாகிறது

இப்போது இரண்டாம் படியை மீண்டும் பாருங்கள். ரெனினைச் சுரக்கச் சொல்லும் காரணங்களில் பரிவு நரம்பும் ஒன்று. பரிவு நரம்பு தூண்ட ரெனின் கூடுகிறது; ரெனினால் ஆஞ்சியோடென்சின் கூடுகிறது; ஆஞ்சியோடென்சினால் பரிவு நரம்பின் வலிமை கூடுகிறது. இது ஒரு நேர்ப் பின்னூட்டச் சுழல். இதற்கிடையே அட்ரினல் புறணியிலிருந்து ஆல்டோஸ்டீரான் சுரந்து சிறுநீரகத்தில் சோடியத்தைத் தேக்குகிறது. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் தேங்குகிறது.

இந்தச் சுழல் உயிர்காக்கும் ஏற்பாடு. விபத்தில் இரத்தம் இழந்தவரையும், வயிற்றுப்போக்கில் நீரிழந்தவரையும் முதல் சில மணி நேரம் தாங்கிப் பிடிப்பது இதுவே. ஆபத்து முடிந்ததும் தணிய வேண்டிய சுழல், ஆண்டுக்கணக்கில் சற்றே தூக்கலாக ஓடிக்கொண்டிருந்தால் அது நோய்.

'அழுத்தம் ஏறினால் உடல் கண்டுபிடித்துக் குறைக்காதா?' என்று கூர்மையான மாணவர் கேட்பார். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணர்விகள் இருக்கின்றன. திடீர் ஏற்றத்தை அவை நொடிகளில் சரிசெய்யும். ஆனால் அழுத்தம் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் உணர்விகள் அந்த உயர்ந்த அளவையே இயல்பு என ஏற்றுக்கொண்டு அதைச் சுற்றியே வேலை செய்யத் தொடங்கும். இந்த உணர்விகளின் செய்தி நம் உணர்வுக்கு எட்டுவதும் இல்லை. ஆகவே 150/95 உள்ளவருக்கும் உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். 'தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை' என்ற வாதம் ஏன் தவறு என்பதற்கு இதுவே விடை.

இரவு ஷிப்ட் பற்றியும் இங்கே சொல்லலாம். தூக்கத்தில் பரிவு நரம்பின் செயல் தணிந்து, அழுத்தம் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். குழாய்களுக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் ஓய்வு அது. இரவில் விழித்திருந்து, பகலில் வெளிச்சத்திலும் சத்தத்திலும் அரைகுறையாகத் தூங்குபவருக்கு இந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டில் ஷிப்ட் முடித்துத் தூங்குபவரை எழுப்பாமல் இருப்பதும் ஓர் உடல்நல உதவி என்று மாணவர்களிடம் சொல்லலாம்.

எதிர்த்தரப்பும் உண்டு

எல்லாப் பெப்டைடுகளும் அழுத்தத்தை ஏற்றுபவை அல்ல.

* ஏட்ரியல் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு: இதயத்தின் ஆரிக்கிள்கள் விரியும்போது சுரக்கும். 28 அமினோ அமிலங்கள். சோடியத்தை வெளியேற்றும், ரெனினைக் குறைக்கும், பரிவு நரம்பின் செயலையும் தணிக்கும். 1981-இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் குழு எலியின் ஆரிக்கிள் சாற்றைக் கொண்டு இதைக் காட்டியது. 'இதயமும் ஒரு நாளமில்லாச் சுரப்பியே' என்று சொல்ல நல்ல சான்று.
* பிராடிகைனின்: 9 அமினோ அமிலங்கள். குழாயை விரிக்கும். ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் அதே ஏ.சி.இ. நொதிதான் இதை அழிக்கிறது.
* நியூரோபெப்டைடு ஒய்: 36 அமினோ அமிலங்கள். ஹார்மோனாக அன்றி, பரிவு நரம்பு முனையிலேயே நார்-அட்ரினலினுடன் சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. நரம்பு வேகமாகத் தூண்டப்படும்போது வெளிவந்து குழாயைச் சுருக்கும். நார்-அட்ரினலினின் விளைவையும் கூட்டும்.
* எண்டோதீலின்: 21 அமினோ அமிலங்கள். குழாயின் உட்படலச் செல்களே சுரப்பது. மிக வலிமையாகச் சுருக்கும். 1988-இல் ஜப்பானில் யனகிசாவா குழு கண்டறிந்தது.

ஒரு தெளிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயர் அழுத்தமுள்ள எல்லோருக்கும் ரெனின் மிகுந்திருப்பதில்லை. சிலருக்கு அது குறைவாகவே இருக்கும். அவர்களிடம் உப்பும் நீரும் தேங்குவது முதன்மைக் காரணமாக இருக்கலாம். 'பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை' நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு பாம்புகளின் கதை

நரம்பு முனை, பெப்டைடு ஆகிய இரண்டிலும் கைவைத்து அழுத்தத்தைக் குறைக்க முடியும் என்பதை மருந்துகளின் வரலாறு காட்டுகிறது. இரண்டிலும் பாம்பு வருவதால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

முதல் கதை இந்தியாவினுடையது. பாம்பின் பெயரைத் தாங்கிய சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் நம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டது. மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் அதன் பயனை ஆராய்ந்து, 1949-இல் பிரிட்டனின் இதயவியல் இதழில் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பு முனையின் நுண்பைகளுக்குள் நார்-அட்ரினலின் சேரவிடாமல் தடுக்கிறது. பைகள் காலியானால், தூண்டல் வந்தாலும் சொல்ல ஏதுமில்லை. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகளால் இன்று அதன் பயன்பாடு அரிதாகிவிட்டது. வேரைத் தாமே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிரேசிலில் தொடங்கியது. ஜராராக்கா என்ற விரியனின் நஞ்சில் பிராடிகைனினின் விளைவைக் கூட்டும் ஒரு பொருள் இருப்பதை 1965-இல் செர்ஜியோ ஃபெரெய்ரா வெளியிட்டார். அவர் அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றார். அந்தப் பொருள் ஏ.சி.இ. நொதியைத் தடுக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அதுவும் ஒரு பெப்டைடு. வாயால் கொடுத்தால் இட்லியிலுள்ள புரதத்தைப் போலவே செரிமானமாகிவிடும். (இன்சுலினை ஏன் ஊசியாகப் போடுகிறோம் என்று இங்கே கேளுங்கள், முன்பு படித்த செரிமானம் நினைவுக்கு வரும்.) அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மன், மிகல் ஒண்டெட்டி இருவரும் அதே வேலையைச் செய்யும் சிறிய மூலக்கூறை வடிவமைத்தார்கள். அதுவே காப்டோப்ரில்; 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இன்று மாத்திரை அட்டைகளில் '-ப்ரில்' என்று முடியும் பெயர்கள் ஏ.சி.இ. நொதியைத் தடுப்பவை. '-சார்டன்' என்று முடிபவை ஆஞ்சியோடென்சின் ஏற்பியை மறைப்பவை. '-ப்ரில்' வகையால் சிலருக்கு வறட்டு இருமல் வருவதற்கு, அழிக்கப்படாமல் தேங்கும் பிராடிகைனின் காரணமாகக் கருதப்படுகிறது. இருமல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள பரிவு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக் கருவிகளுக்கு 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. நரம்பும் ஹார்மோனும் ஒரே சுழலின் இரு முனைகள் என்பதற்கு அதுவும் சான்று.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டை விளையாட்டு

தேவை: புளியங்கொட்டை ஒரு கிண்ணம், நான்கு அட்டைகள், பன்னிரண்டு மாணவர்கள்.

எட்டுப் பேர் கைகோத்து வட்டமாக நிற்கட்டும். அவர்களே தமனிச் சுவர். ஒருவர் மூளை, அவர் கை தட்டுவார். ஒருவர் நரம்பு முனை. ஒவ்வொரு தட்டுக்கும் புளியங்கொட்டையைச் சுவரிடம் கொடுப்பார். ஒருவர் சிறுநீரகம். ஒருவர் மருந்து. பத்துக் கொட்டைகள் சேர்ந்தால் வட்டம் ஓரடி உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முழு வட்டத்திலிருந்து தொடங்கட்டும்.

* சுற்று 1: பத்துத் தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை. வட்டம் ஓரடி சுருங்கும்.
* சுற்று 2: சிறுநீரகம் 'ஆஞ்சியோடென்சின்' அட்டையை நரம்பு முனையிடம் கொடுக்கிறது. அதே பத்துத் தட்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டைகள். வட்டம் மூன்றடி சுருங்கும்.
* சுற்று 3: மூளைக்கும் ஓர் அட்டை கிடைக்கிறது. இப்போது பதினைந்து தட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டைகள். வட்டத்தினர் நெருக்கியடித்து நிற்பார்கள்.
* சுற்று 4: மருந்து இடையில் நின்று அட்டைகளை வாங்கிக்கொள்கிறது. பத்துத் தட்டு, பத்துக் கொட்டை. வட்டம் தளர்கிறது.
* சுற்று 5: மருந்து வெளியே போய்விடுகிறது. சிறுநீரகம் அட்டைகளை மீண்டும் நீட்டுகிறது.

ஐந்தாம் சுற்றே இந்த விளையாட்டின் உயிர். 'சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை மாணவர் தம் தோளில் உணர்கிறார். இங்குள்ள எண்கள் விளையாட்டுக்கானவை, உடலின் அளவுகள் அல்ல என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும், 'இரண்டாம் சுற்றில் மூளை அதிகமாகத் தட்டியதா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்ற விடை வந்தால் பாடத்தின் மையக்கருத்து சென்று சேர்ந்துவிட்டது.

உப்புக் கணக்கு

வயதுவந்தோருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சிப்ஸ், நூடுல்ஸ் பாக்கெட் உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நூறு கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் உப்பு 2 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றுக்கு உறை இருக்காது. ஆனால் அவற்றையும் பட்டியலில் சேர்த்துப் பேச வேண்டும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. ஆரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் தடை எத்தனை மடங்காகும்?
2. ஆஞ்சியோடென்சினை வாயால் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஏறுமா? காரணம் கூறுக.
3. பிக்கர்டன்–பக்லி சோதனையில் தலைக்கும் உடலுக்கும் இடையிலான நரம்புகளையும் துண்டித்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும்?
4. ரெசர்பின், காப்டோப்ரில் இரண்டும் சுழலின் எந்தெந்த இடத்தில் செயல்படுகின்றன? படம் வரைந்து குறிக்கவும்.
5. தலைவலி இல்லாதவரும் அழுத்தத்தை ஏன் அளந்து பார்க்க வேண்டும்?

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடம் மாணவர்களின் வீட்டைத் தொடுகிறது. 'யார் வீட்டில் பிரஷர் இருக்கிறது, கை தூக்குங்கள்' என்று கேட்க வேண்டாம். பக்கவாதத்தால் படுத்திருக்கும் அப்பாவைப் பற்றி எல்லோர் முன்னும் பேச ஒரு பிள்ளைக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். தாமாகச் சொல்பவர்களைக் கேட்டுக்கொள்வோம். யாருக்கும் எந்த மாத்திரையையும் நாம் பரிந்துரைக்கக் கூடாது; மாற்றச் சொல்லவும் கூடாது. ஒருமுறை அளந்து 140/90-ஐத் தாண்டினால் அது நோய் என்று முடிவாகாது. மீண்டும் மீண்டும் அளந்து மருத்துவரே முடிவு செய்வார்.

பாடம் முடிந்த வாரத்தில் மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கலாம். வீட்டில் 30 வயதைத் தாண்டிய ஒருவரையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, துணை சுகாதார நிலையத்துக்கோ சென்று அழுத்தம் பார்த்துவரச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வழியே பணியிடத்திலும் பரிசோதனை உண்டு என்பதைத் தெரிவிக்கலாம். அளவு என்ன என்று நம்மிடம் சொல்லத் தேவையில்லை. பார்த்தாயிற்று என்று சொன்னால் போதும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், அட்டையில் எத்தனை மாத்திரைகள் மிச்சம், எத்தனை இருக்க வேண்டும் என்று மாணவர் எண்ணிப் பார்க்கட்டும். கணக்கு உதைத்தால் ஐந்தாம் சுற்றில் நடந்ததை அவரே வீட்டில் விளக்குவார்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். நம் ஆசிரியர் அறையிலும் முப்பதைத் தாண்டியவர்களே மிகுதி. அடுத்தமுறை மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது, மாணவர் வரிசை முடிந்ததும் நாமும் கையை நீட்டுவோம்.